பாகற்காய்ப் படையல்

என் மனைவி சரளா போனதிலிருந்து, என் மகளை எப்படிச் சாப்பிட வைப்பது என்று எனக்குச் சொல்லித்தராத ஆள் எங்கள் புந்தோங் ஊரில் கிடையாது. பக்கத்து வீட்டு மங்களம் அக்கா கேரட்டைத் துருவித் தோசைமாவில் கலக்கச் சொன்னார். கலந்தேன். தினேஸ்வரி தோசையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஆரஞ்சுத் துருவலை ஒவ்வொன்றாக உருவித் தட்டோரம் வைத்தாள். பிறகு தோசையையும் அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். வேலையிடத்தில் ஒருத்தன் காயை நட்சத்திரம் மாதிரி வெட்டச் சொன்னான். நான் டைல்ஸ் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். எனக்கு நட்சத்திரம் வெட்டவெல்லாம் வராது.

எல்லாரும் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன். முன்பெல்லாம் யாராவது புத்தி சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். இப்போது வருவதில்லை. கோபம் மட்டுமில்லை, எதுவுமே வருவதில்லை. சரளாவை டிங்கிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, மறு வாரமே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். அன்றைக்கு மரத்துப்போனது இன்னும் அப்படியே இருக்கிறது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா, உறைப்பு இருக்கிறதா என்றுகூட என் நாக்குக்குத் தெரிவதில்லை. வாயில் போடுகிறேன், மெல்லுகிறேன், உள்ளே போகிறது. அவ்வளவுதான்.

வேலை முடிந்து வரும்போது ஷரபுதீன் அண்ணன் கடையில் பொட்டலம் வாங்கி வருவேன். எனக்கு என்ன கிடைக்கிறதோ அது. தினேஸ்வரிக்கு வெள்ளைச் சோறு, பொரித்த முட்டை, மேலே கொஞ்சம் கிச்சாப், அந்தக் கறுப்புச் சோயாச் சாறு. கறுப்பாக ஊற்றிய கிச்சாப்போடு அந்தச் சோற்றைப் பிசைந்து தின்பாள். வேறு எதையும் தொடமாட்டாள். அழமாட்டாள், அடம்பிடிக்கமாட்டாள், காயை எடுத்து ஓரமாக வைத்துவிடுவாள். அதட்டினால் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்ப்பாள். நான் தொலைக்காட்சியைப் பார்ப்பேன்.

"தர்மா, கடைக்காரன் நானே சொல்றேன், தினமும் கடைச் சோறு பிள்ளைக்கு ஆகாதுலா," என்றார் ஷரபுதீன் அண்ணன் ஒருநாள். "கீரை, காய்னு சாயூர் கொஞ்சம் வச்சுத் தரேன், காசு வேணாம். எப்படியாச்சும் குடுத்துப் பாரு."

"தின்னமாட்டா அண்ணே."

"முன்னாடியெல்லாம் நல்லா தின்னுச்சே? உன் வீட்டுக்காரம்மா இருக்கையில கங்கோங் கீரை கேட்டு வாங்குமே."

ஆமாம், தின்றாள். அதுதான் யாருக்கும் விளங்கவில்லை. கங்கோங், முருங்கைக்கீரை, வெண்டைக்காய், ஏன், பாகற்காயே தின்ற பிள்ளை அவள். அப்படிப்பட்டவள் ஒரு வருஷமாகக் கிச்சாப் சோற்றில் நிற்கிறாள்.

பள்ளிக்கூடத்துக்குச் சுகாதாரக் குழு வந்து இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை எல்லாம் பார்த்தார்கள். அப்புறம் என்னைக் கிளினிக்குக்குக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த நர்ஸ் மிஸி காம்பார் பக்கத்துப் பெண், சின்ன வயசு. தினேஸ்வரியின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். நகத்தை அழுத்திப் பார்த்தாள்.

"அண்ணே, பிள்ளைக்கு ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. கீரை, காய், மீன் எதுவுமே எடுக்கிறது இல்லையா?"

"இல்லை."

"அம்மா என்ன சமைப்பாங்க?"

"அம்மா இல்லை."

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்து கொடுத்தாள். ஒரு தட்டுப் படமும் கொடுத்தாள். பாதித் தட்டில் காயும் பழமும், கால் தட்டில் சோறு, கால் தட்டில் மீனோ கோழியோ. "மருந்து மட்டும் போதாதுண்ணே. சாப்பாட்டுல ஏறணும். அடுத்த மாசம் திரும்ப ரத்தம் எடுப்போம். ஏறலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதணும்."

பெரிய ஆஸ்பத்திரி என்றதும் தினேஸ்வரி என் சட்டையைப் பிடித்தாள். அவள் அம்மா அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனாள். நான் தட்டுப் படத்தை மடித்துப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்து ஐஸ் பெட்டியில் ஒட்டினேன். அடுத்த நாளும் பொட்டலம்தான் வாங்கினேன்.

சரளா இந்தப் பிள்ளையை எப்படிச் சாப்பிட வைத்தாள் என்பது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எங்கள் அப்பா இனிப்பு நீர் நோயில் ஒரு காலை இழந்தவர். சரளா மருமகளாக வந்தபோது அந்தக் காலுக்குக் கட்டுப்போட்டவள். இந்த வீட்டில் பிறக்கும் பிள்ளை காய்கறி தின்றுதான் வளரும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். அதிலும் பாகற்காயில்தான் தொடங்கினாள். "பாகற்காயை இறக்கிட்டா மத்ததெல்லாம் தானா இறங்கும்," என்பாள். ஒரே தட்டில் வைத்து, பிள்ளையும் அவளும் எதிரெதிரே உட்காருவார்கள். "நீ தின்னலைன்னா போ. அம்மாவுக்கு இதுன்னா உசுரு. நானே எல்லாத்தையும் முடிச்சிருவேன்," என்று ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடி ஆகா என்பாள். தினேஸ்வரி உடனே கையை விட்டு மளமளவென்று எடுத்துத் தின்பாள். தட்டு காலியாகிவிடும்.

நான் வாசற்படியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏனென்றால் சரளாவுக்குப் பாகற்காய் என்றால் ஆகவே ஆகாது. பாகான் செராய்ப் பக்கம் பிறந்தவள். வீட்டு வேலியில் காய்த்ததையே மூன்று வேளையும் தின்று வளர்ந்தவள். கல்யாணம் ஆன புதிதில், அதைக் கண்ணில் காட்டாதீர்கள் என்று என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். அவளுக்குப் பிடித்தது மார்க்கெட் முனையில் விற்கும் பீசாங் கோரெங். வாழைப்பழத்தை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டு எடுப்பது. சுடச்சுட வாங்கிக் கடையோரமே நின்று தின்பாள். விளையாட்டு முடிந்ததும் சரளா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். அங்கே குழாயடியில் மடக் மடக்கென்று தண்ணீர் குடிப்பாள். ஒரு கரண்டி சீனியை வாயில் கொட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைப்பாள். பிள்ளைக்குத் தெரியக்கூடாதாம்.

பிள்ளைக்குத் தெரியவில்லை. என் அக்காவுக்கும் தெரியவில்லை. சொந்தபந்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. சரளா என்றாலே பாகற்காய்ப் பைத்தியம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

முதல் வருஷத் திதி நெருங்கியபோது என் கூடப்பிறந்த புனிதா அக்கா சுங்கை சிப்புட்டிலிருந்து போன் செய்தார். பழைய தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்ட பிறகும் அதை ஒட்டியே வீடு வாங்கிக்கொண்டு இருப்பவர். எங்கள் வீட்டில் படையல் என்றால் செத்தவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைக்கவேண்டும். பிடிக்காததை வைத்தால் வந்த ஆத்மா சாப்பிடவும் முடியாமல் எழுந்து போகவும் முடியாமல் தவிக்குமாம். எங்கள் அப்பாவுக்கு வருஷா வருஷம் ஆட்டுக்கறியும் ஒரு ஸ்டவுட் பீர் போத்தலும் வைக்கிறோம். கால் போனதற்குப் பிறகு டாக்டர் வேண்டாம் என்றதெல்லாம் அதில் அடங்கும். செத்தவருக்கு இனி என்ன பத்தியம் என்பார் அக்கா.

"தர்மா, ஆட்டுக்கறி, கோழி எல்லாம் நான் கொண்டு வாரேன். பாகற்காய் மட்டும் மூணு வகை செய்யப்போறேன். நெத்திலி போட்டுப் பிரட்டல் ஒண்ணு, வறுவல் ஒண்ணு, புளிக்குழம்பு ஒண்ணு. அவளுக்கு உசுராச்சே."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அதுல இன்னொண்ணும் இருக்கு. கும்பிட்டு முடிஞ்சதும் அந்த இலையில பிள்ளையை உக்கார வைப்போம். அம்மா சாப்பிட்ட இலை, அம்மாவுக்குப் பிடிச்சது, நீயும் சாப்பிடுன்னு சொன்னா தட்டமாட்டா. ஒரு வாய் இறங்கிட்டா போதும், அப்புறம் பழையபடி ஆயிடும். என்ன சொல்றே?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். தினேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா நடித்தாள் என்று இவளுக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? இருக்கிற ஒரே பிடியும் போய்விடும். அப்புறம் எந்தக் காயையும் இவள் வாயில் வைக்க முடியாது. அடுத்த மாதம் ரத்தம் எடுக்கவேண்டும். செத்தவளா, இருக்கிறவளா என்று பார்த்தால் இருக்கிறவள்தான் என்று கணக்குப் போட்டேன். கொஞ்சம் சோம்பலும் உண்டு. விளக்கம் சொல்லும் தெம்பு என்னிடம் இல்லை.

"சரி அக்கா," என்றேன்.

திதி அன்று காலையிலேயே அக்காவும் அத்தான் பிச்சைமுத்துவும் தூக்குச்சட்டிகளோடு வந்துவிட்டார்கள். எங்கள் பிளாட் நெருப்புப்பெட்டி அளவுதான். ஹாலில் சரளாவின் படத்தைச் சின்ன மேசைமேல் வைத்து, மாலை போட்டு, கீழே தலைவாழை இலை விரித்தார்கள். அக்கா பரிமாறினார். நடுவில் சோறு. சுற்றிலும் ஆட்டுக்கறி, கோழிப் பொரியல், இறால் சம்பல், அவித்த முட்டை. சரளாவின் கைக்கு எட்டும் பக்கமாகப் பாகற்காய் மூன்று வகை. அக்கா தாராளமாகவே வைத்தார்.

தினேஸ்வரி சுவரோரம் நின்று அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ சொல்ல வந்தவள் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சூடம் கொளுத்திக்கொண்டிருந்தேன்.

"பார்த்தியா, அம்மாவுக்குப் பிடிச்சது எல்லாம் வச்சிருக்கேன்," என்றார் அக்கா. "அம்மா வந்து சாப்பிட்டதும் நீ சாப்பிடணும், என்ன?"

"அம்மா நிசமாவே வந்து சாப்பிடுவாங்களா அத்தை?"

"பின்னே? நம்ம வச்சதை ஒண்ணு விடாம சாப்பிட்டுட்டுத்தான் போவாங்க."

கும்பிட்டோம். அதற்குப் பிறகு எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடவேண்டும். ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் வந்த ஆத்மா சாப்பிடாதாம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத் திறக்கவேண்டும். நாங்கள் காரிடாரில் நின்றோம். மழை பிடித்துக்கொண்டது. அத்தான் தைப்பிங்கில் வேலை பார்த்த காலத்து மழையைப் பற்றி ஏதோ சொன்னார். மங்களம் அக்கா தன் வீட்டுக் கதவைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினார். தினேஸ்வரி அங்கே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. மங்களம் அக்கா வீட்டுப் பிள்ளைகளோடு இருப்பாள் என்று நான் நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது.

அக்கா கதவைத் தட்டினார். திறந்தார்.

தினேஸ்வரி இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சோறு வைத்தபடி இருந்தது. கோழித் தொடை வைத்தபடி இருந்தது. இறால், முட்டை எதுவும் கலையவில்லை. பாகற்காய் இருந்த மூன்று இடமும் காலி. எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பிள்ளை வாய் நிறைய அடைத்துக்கொண்டு மெல்லுகிறாள், கண்ணில் தண்ணீர் வழிகிறது, விழுங்க முடியாமல் தோளைக் குறுக்குகிறாள்.

"அட பாவி, படையலை எச்சில் பண்ணிட்டியே!" அக்கா கையை ஓங்கிவிட்டார். "அம்மாவுக்கு வச்சதை, அவங்க வாயில படறதுக்கு முன்னாடி..."

அத்தான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பிள்ளையின் முன்னால் குந்தினேன்.

"ஏம்மா இப்படிப் பண்ணே?"

அவள் கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"அம்மாவுக்குப் பாகற்காய் பிடிக்காதுப்பா," என்றாள். "அத்தை ஒண்ணு விடாம சாப்பிடணும்னு சொன்னாங்க. அம்மா வந்தா இதையும் சாப்பிடணுமே. அதான் நான் சாப்பிட்டுட்டேன்."

அத்தான் அக்காவின் கையை விட்டார்.

"பிடிக்காதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"யாரும் சொல்லலை. அம்மா கிச்சன்ல போய் தண்ணி குடிப்பாங்க, சீனி திம்பாங்க. நான் பார்த்திருக்கேன்." கையால் மூக்கைத் துடைத்தாள். "நான் வேகமா சாப்பிட்டா அம்மாவுக்குக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். அதுக்குத்தான் வேகமா சாப்பிடுவேன். எனக்கும் பிடிக்காது."

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் தினேஸ்வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வருஷமாக இந்தப் பிள்ளை காயை ஓரமாக எடுத்து வைக்கும்போதெல்லாம் இது அடம் என்றும், செல்லம் என்றும், அம்மா போன ஏக்கம் என்றும் ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அவள் தின்றது அம்மாவைக் காப்பாற்ற. காப்பாற்ற ஆள் இல்லை என்றதும் நிறுத்திவிட்டாள். அவ்வளவு நேரான விஷயம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை. என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த ஒன்று என்பதால் அதைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

"அப்பா," என்றாள். "பீசாங் கோரெங் ஏன் வைக்கலை?"

குடையைக்கூட எடுக்காமல் கீழே இறங்கினேன். மார்க்கெட் முனைக் கடைக்காரர் மழைக்குத் தார்ப்பாயை இழுத்துவிட்டு எண்ணெயைக் காயவைத்துக்கொண்டிருந்தார். முதல் ஈடு எடுக்கும்வரை நனைந்தபடி நின்றேன். பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மாடி ஏறினேன். சூடு நெஞ்சில் சுட்டது.

அக்கா அதற்குள் வேறு இலை போட்டிருந்தார். எச்சில் பட்டது ஆகாது என்று சொல்லவேண்டியவர் ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து பரிமாறினார், பாகற்காயை மட்டும் விட்டுவிட்டு. அந்த இடத்தில் பீசாங் கோரெங்கைத் தினேஸ்வரி கையால் வைக்கச் சொன்னார். திரும்பவும் கதவைச் சாத்தினோம். இந்தத் தடவை பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

சாயங்காலம் அக்காவும் அத்தானும் கிளம்பினார்கள். அக்கா சட்டியில் மிச்சமிருந்த பாகற்காயைக் கொட்டப் போனார். "இருக்கட்டும் அக்கா," என்று வாங்கி வைத்துக்கொண்டேன். "இன்னிக்குக் கடைக்குப் போகலை. இருக்கிறதையே சாப்பிடறோம்."

தட்டில் சோறு போட்டேன். மீதி ஆட்டுக்கறி, முட்டை. ஐஸ் பெட்டியில் ஒட்டிய படத்தைப் பார்த்துப் பாதித் தட்டைக் காலியாக விட்டேன். அதில் பாகற்காயை வைத்தேன், இரண்டு தட்டிலும். தினேஸ்வரி தன் தட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டு மென்றேன்.

கசந்தது. நாக்கின் அடியில் தொடங்கி தொண்டை வரைக்கும், காது மடல் வரைக்கும் கசந்தது. ஒரு வருஷமாக எதுவும் ஏறாத நாக்கில் அது அப்படி ஏறும் என்று நான் நினைக்கவில்லை. இதைத்தான் சரளா தினம் சிரித்துக்கொண்டு விழுங்கினாள். அவள் இல்லை, இனி வரமாட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கசப்பினால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"அப்பாவுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டாள்.

அம்மாவைப் போல ஆகா என்று சொல்லியிருக்கலாம். வாயெடுத்தேன்.

"பிடிக்காது. ரொம்பக் கசக்குது."

அவள் உடனே என் தட்டுக்குக் கையை நீட்டினாள். என் வில்லைகளைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தாள். நான் அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்மா. என்னுது நான் சாப்பிடறேன். உன்னுது நீ சாப்பிடு, முடிஞ்ச அளவுக்கு."

யோசித்தாள். தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். முகத்தைச் சுளித்தாள். நானும் சுளித்தேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு மென்றோம்.

"தண்ணி குடிக்கலாமாப்பா?"

"குடிக்கலாமே."

அடுப்படிக்குப் போய்க் கூஜாவையும் சீனி டப்பாவையும் எடுத்து வந்து இரண்டு தட்டுக்கும் நடுவில் வைத்தேன்.